சிவப்பு மூடிக் குழாய்

ஜூன் 11, புதன்.

முதலில் நேற்றைய தவறை எழுதிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனை கற்றுக்கொள்ளும் மாலை வகுப்பில், நாங்களே எடுத்த எங்கள் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க வேண்டியிருந்தது. சிவப்பு மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தை, அது உறைந்தவுடன் மிஷினில் சுழற்றி, செல்களை அடியில் தள்ளி, மேலே நிற்கும் தெளிந்த நீரைத் தனியே பிரித்துவிட வேண்டும். எல்லாரும் திங்கட்கிழமையே செய்துவிட்டார்கள். நான் என் குழாயை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு, மேசையைத் துடைத்து, பொருள்களை அடுக்கி, விளக்கை அணைத்து, வீட்டுக்குப் போய்விட்டேன்.

நேற்று அதைச் சோதித்தபோது எண் அதலபாதாளத்தில் இருந்தது. வகுப்பு எடுக்கும் அம்மா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "இது உண்மைன்னா நீ நேத்தே மயங்கி விழுந்திருக்கணும்மா. எப்படி நின்னுக்கிட்டு சிரிக்கிற?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் வெட்கமாக இருந்தது.

பகலில் நான் பார்க்கும் தொழில் துப்பறிதல். அதிலும் என் கதை இதுதான். எல்லாவற்றையும் வரிசையாகச் செய்வேன். ஒன்றை மட்டும் ஜன்னல் ஓரத்தில் விட்டுவிடுவேன். இன்றும் விட்டேன். அது கீழே வருகிறது.

காலையில் நானும் ஒட்டடையண்ணனும் சாவிக்காரர் வீட்டுக்குப் போனோம். ஒட்டடை என்பது என் உதவியாளருக்கு அவருடைய உயரமும் ஒல்லியும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த பெயர். பழைய பஸ் கண்டக்டர். என்னைவிட ரொம்ப மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை பாஸ் என்பார். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். நேற்றைய கதையைப் படியேறும்போது சொல்லித் தொலைத்தேன்.

"அப்போ இப்ப என்கூட வர்றது யாரு?" என்றார். "செத்தவங்களுக்கு நான் டிக்கெட் குடுத்ததில்லையே பாஸ்."

சாவிக்காரர் போன வாரம் இறந்துபோனவர். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் சாவி செய்யும் கடை வைத்திருந்தார். பக்கவாதம் வந்து படுத்ததிலிருந்து கடையை மகள் பார்த்துக்கொள்கிறார். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்பதால் தினமும் காலையில் இன்சுலின் ஊசி போட்டுவிட்டுத்தான் மகள் கடைக்குக் கிளம்புவார். எங்களை அமர்த்தியவர் சாவிக்காரரின் மனைவி. ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர். முதுகு வளையாமல் உட்காருகிறார். ஒவ்வொரு சொல்லையும் மறுமுனையில் இருப்பவருக்குக் கேட்கவேண்டும் என்பதுபோல் தெளிவாகச் சொல்கிறார்.

"அவ ரெண்டு தடவை ஊசி போட்டாளா இல்லையா. எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும். போட்டிருந்தா, அவ கையால ஒரு வாய் தண்ணிகூட எனக்கு வேண்டாம்."

வேண்டாம் என்பது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. சமையலறையில் இரண்டு அடுப்பு, இரண்டு உப்பு டப்பா, தனித்தனியாகக் கவிழ்த்த இரண்டு தட்டு.

நடந்ததை அந்த அம்மா சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். அன்று காலை மகள் ஊசியும் கையுமாக அப்பாவின் கட்டிலருகே நின்றதை அம்மா பார்த்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே இடத்தில், அதே ஊசியோடு. "போட்டுட்டியா?" என்று கேட்டதற்கு, "போட்டுட்டேன்னுதான் நினைக்கிறேன்" என்று பதில். மகளுக்குப் பல நாளாகச் சரியான தூக்கம் இல்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பின் சோதனைக்கூடத்துப் பெண் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் அங்கிருந்து போன் வந்தது. சர்க்கரை முப்பத்தெட்டு, ஆபத்து, உடனே சர்க்கரை கொடுங்கள் என்றார்கள். அம்மா மட்டும்தான் வீட்டில். சாவிக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அவசர போன்னா நான் ரெண்டாவது மணி அடிக்க விட்டதில்லம்மா. ஓடிப்போய் ஒரு டம்ளர் நிறைய கரைச்சு வாயில ஊத்தினேன். நல்லவேளை, வேர்வைகூட இல்லாம நிம்மதியா தூங்கிட்டிருந்தாரு. ரெண்டு தடவை இருமினாரு. உள்ள போயிடுச்சுன்னு நினைச்சேன்."

அதன்பிறகு மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸ்காரர் தொண்டைக்குள் குழாய் விட்டு உறிஞ்சியெடுத்தார். வந்ததெல்லாம் அந்தச் சர்க்கரைத் தண்ணீர்தான், பாவி உடம்பில் ஒரு சொட்டுகூடச் சேரவில்லை என்று அம்மா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அங்கிருந்த டாக்டர் முப்பத்தெட்டு என்ற எண்ணைக் கேட்டதும், இன்சுலின் அதிகமாகப் போயிருக்கும் என்று சொல்லியிருக்கிறார். இந்த வீட்டில் இரண்டு அடுப்பு வந்தது அந்த வாக்கியத்துக்குப் பிறகுதான்.

அறையைப் பார்த்தோம். கட்டிலுக்கு மேல் சுவரில் மகளின் கையெழுத்தில் ஓர் அட்டை: நிமிர்த்தி உட்கார வைத்து. ஸ்பூனால். அவசரம் வேண்டாம். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அட்டையைப் படித்தேன். குறித்துக்கொண்டேன். நகர்ந்துவிட்டேன்.

மெத்தையை மொட்டை மாடியில் காயப்போட்டிருந்தார்கள். தலைமாட்டில் எறும்புச் சாரை. ஒட்டடையண்ணன் குனிந்து பார்த்தார்.

"இந்தக் கேஸ்ல நமக்கு முன்னாடியே ஒரு படை வேலையை ஆரம்பிச்சிருக்கு பாஸ். வரிசையில போறாங்க, ஒருத்தரும் இடிச்சுக்கல. என் பஸ்ல இப்படி ஒரு நாள் ஏறியிருந்தா நான் வேலையையே விட்டிருக்க மாட்டேன்."

சர்க்கரைத் தண்ணீர் சிந்தியிருக்கிறது, அவ்வளவுதானே என்று நான் நினைத்தேன்.

மத்தியானம் கீழே இறங்கும்போதுதான் துப்பு கிடைத்தது. கிடைத்தது எனக்கில்லை, ஒட்டடையண்ணனுக்கு. கீழ்வீட்டில் ஒரு தையல்காரர். சட்டையில் பட்டன் தைக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு உள்ளே போனவர், பட்டனோடு ஒரு கதையையும் வாங்கிக்கொண்டு வந்தார். அதே நாள், அதே சோதனைக்கூடத்துப் பெண், தையல்காரரிடமும் ரத்தம் எடுத்திருக்கிறார். வருடாவருடம் செய்துகொள்ளும் சோதனை. அவருக்கு ஒரு நோயும் கிடையாது. சாயங்காலம் அவருக்கும் போன். சர்க்கரை நாற்பதுக்குப் பக்கத்தில், உடனே இனிப்புச் சாப்பிடுங்கள் என்று. மனுஷர் பயந்துபோய் ஒரு ஜாம் புட்டியை நின்ற நிலையிலேயே வழித்து முடித்திருக்கிறார். அதுவரை நாள் முழுக்க மிஷினை மிதித்துக்கொண்டிருந்தவர். மயக்கம் இல்லை, நடுக்கம் இல்லை. அதற்குப் பிறகு வந்த வயிற்றுவலிதான் அவர் பட்ட ஒரே கஷ்டம்.

"மேல செத்துப்போனவர் ரிப்போர்ட்டும் கீழ ஜாம் சாப்பிட்டவர் ரிப்போர்ட்டும் கிட்டத்தட்ட ஒண்ணு" என்றார் ஒட்டடையண்ணன். "ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர் சட்டத்தை மீறுறாங்க பாஸ்."

நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். எப்படி நின்னுக்கிட்டு சிரிக்கிற என்ற குரல் காதில் கேட்டது.

ரத்தம் எடுக்கும் பெண்ணைச் சோதனைக்கூடத்தின் பின்வாசலில் பிடித்தோம். அவர் எதையும் மறைக்கவில்லை. அன்று சாம்பல் மூடிக் குழாய் தீர்ந்துபோயிருந்தது. சர்க்கரைச் சோதனைக்கு அதுதான் முறை. சீக்கிரம் கொண்டுபோய்விட்டால் பரவாயில்லை என்று இருவருக்கும் சிவப்பு மூடிக் குழாயில் எடுத்துவிட்டார். அடுத்த தெருமுனையில் ஸ்கூட்டர் நின்றுபோனது. மெக்கானிக் கொட்டகையின் தகரக் கூரைக்குக் கீழே, வண்டிக் கொக்கியில் பை தொங்கியது. வண்டி கிளம்பியபோது வெயிலே தாழ்ந்துவிட்டிருந்தது. சோதனைக்கூடத்தில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"ஏங்க, யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று மட்டும் சொன்னேன்.

அங்கிருந்து நேராக மகளின் கடைக்கு. நேராக என்று எழுதும்போதே கூசுகிறது. நான் ஏறக்குறைய ஓடினேன். ஒரு நல்ல செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஓடியது என் தொழிலில் இதுதான் முதல் தடவை.

கடை ஒரு கதவு அகலம்தான். மூன்று சுவரிலும் வெட்டாத சாவிகள் தொங்கின. மகள் ஒரு சாவியை இடுக்கியில் மாட்டி அராவிக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம். எங்களைப் பார்த்ததும் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, முடிவைக் கேட்கத் தயாரானவர்போல் கைகளைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா, அந்த ரிப்போர்ட் பொய் என்றேன். அவர் நம்பவில்லை. அதனால் அவருடைய பாஷையிலேயே சொல்லிப் பார்த்தேன். உடம்பில் தசைக்கும் கொழுப்புக்கும் வாசலில் பூட்டு உண்டு. சர்க்கரை உள்ளே போக இன்சுலின்தான் சாவி. ஆனால் ரத்தத்தின் சிவப்பணுவுக்குப் பூட்டே கிடையாது.

"பூட்டில்லாத கதவா? எங்க தொழிலுக்கு ஆகாத ஆளா இருக்கே" என்றார். ஒரு வாரத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல் அதுவாகத்தான் இருக்கும்.

பூட்டில்லையே தவிர, கண்டதும் நுழைய முடியாது என்றேன். அணுவின் சுவரெங்கும் புரதத்தால் ஆன சின்னச் சின்ன வழிகள். வெளிப்பக்கம் வாய் திறந்து ஒரு சர்க்கரையைப் பிடிக்கும். வெளிவாய் மூடிக்கொள்ளும், உள்வாய் திறக்கும், சர்க்கரை உள்ளே இறங்கும். பிறகு மறுபடி வெளிப்பக்கம் பார்க்கும். இதற்கு யாரும் தள்ளவோ இழுக்கவோ வேண்டாம். வெளியே கூட்டம் அதிகம், உள்ளே குறைவு என்றிருக்கும்வரை சர்க்கரை தானாகவே உள்ளே போய்க்கொண்டிருக்கும். உள்ளே போனதும் அதன் மேல் ஒரு முத்திரை விழும். முத்திரை விழுந்த சர்க்கரை அதே வழியில் திரும்ப வெளியே வர முடியாது.

"டிக்கெட் கிழிச்சாச்சு, நடுவுல இறங்க முடியாது" என்றார் ஒட்டடையண்ணன். மகள் சிரித்தேவிட்டார்.

உள்ளே போன சர்க்கரையை அணு எரித்துவிடுவதால் உள்ளே எப்போதும் இடம் காலியாகவே இருக்கும். சிவப்பணுவுக்கு வேறு சாப்பாடே கிடையாது. உடம்பிலிருந்து குழாய்க்கு மாறியது அதற்குத் தெரியாது, சாப்பிட்டுக்கொண்டேதான் இருக்கும். உடம்பில் என்றால் தீரத் தீரக் கல்லீரல் பரிமாறும். குழாயில் பரிமாற ஆளில்லை. வெக்கையில் இன்னும் வேகமாகத் தீரும். சாம்பல் மூடிக் குழாய்க்குள் இருக்கும் பொடி கதவை அடைப்பதில்லை, உள்ளே எரியும் அடுப்பை அணைத்துவிடுகிறது. அன்று அது இல்லை. பகல் முழுக்கத் தகரக் கொட்டகையில் தொங்கிய குழாய்க்குள் உங்கள் அப்பாவின் ரத்தம் தன் சர்க்கரையைத் தானே தின்று தீர்த்தது. அதே நேரத்தில் அப்பா வீட்டில் நன்றாகத்தான் இருந்தார்.

மகள் ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஆமா. மத்தியானம் நான் போன் பண்ணினப்போ சாப்பாட்டுல உப்பு இல்லைன்னு சண்டை போட்டாரு" என்றார். காலையில் இரண்டு ஊசி போயிருந்தால் மத்தியானம் உப்புக்குச் சண்டை போட முடியாது, வேர்த்துக் கொட்டி நடுங்கியிருப்பார் என்றேன். நீங்கள் ஒரு தடவைதான் போட்டிருக்கிறீர்கள். இரண்டாம் தடவை ஊசியோடு நின்றது, போட்டோமா என்ற சந்தேகத்தில் வெறுமனே நின்றது.

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் ஆறுதலாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது கன்னம் எரிகிறது. ஒட்டடையண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பி, சாவிகளை எண்ணுவதுபோல் பாவனை செய்தார்.

அழுகை தானாக நின்றது. மகள் கையை எடுத்தார். முகத்தில் நிம்மதி இல்லை.

"அப்போ அன்னைக்கு சாயங்காலமும் அப்பாவுக்கு சர்க்கரை குறையவே இல்லையா?"

இல்லை என்றேன்.

"சும்மாதான் தூங்கிட்டிருந்தாரா?"

நான் பதில் சொல்வதற்குள் அந்தக் கேள்வி போய்ச் சேரும் இடம் எனக்குத் தெரிந்துவிட்டது. வேர்வை இல்லாத நெற்றி. படுத்திருந்தவர் வாயில் ஒரு டம்ளர் தண்ணீர். இரண்டு இருமல். ஆம்புலன்ஸ்காரர் உறிஞ்சியெடுத்தது. தலைமாட்டு எறும்பு. சுவரில் அந்த அட்டை, மகளின் கையெழுத்தில். எல்லாவற்றையும் காலையிலேயே பார்த்து, வரிசையாகக் குறித்து, ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மகள் அராவிய சாவியை இடுக்கியிலிருந்து கழற்றினார். மறுபடி மாட்டினார். வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பியது.

"அம்மாகிட்ட இதைச் சொல்லாதீங்க."

அவர்களே கேட்டிருக்கிறார்களே அக்கா என்றேன்.

"அவங்க கேட்டது நான் ரெண்டு தடவை போட்டேனான்னுதானே. போட்டேன்னு சொல்லிடுங்க. கண்டுபிடிச்சாச்சு, அவதான்னு."

அது பொய் என்றேன்.

"என்மேல கோபம் இருக்கிறவரைக்கும் அவங்க எழுந்திருப்பாங்க, தனியாவாவது சமைப்பாங்க, சாப்பிடுவாங்க. அவங்கமேலயே கோபம் வந்துட்டா?" குரல் உடையவில்லை. அம்மாவின் அதே தெளிவு. "ஒரு டம்ளர் நிறைய, பாப்பா. அவசரம்னு ஓடிப்போய்க் கரைச்சிருக்காங்க. அப்பாவைக் காப்பாத்தறேன்னு."

நான் ஒட்டடையண்ணனைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த சாவியை ஆணியில் திரும்ப மாட்டப் பார்த்தார். அது மாட்டிக்கொள்ளவில்லை.

திரும்பும் வழியில் பஸ்ஸில் ஜன்னல் இருக்கை காலியாக இருந்தும் அவர் நின்றுகொண்டே வந்தார். எங்கள் நிறுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பேசினார். "சொன்னா அம்மா உடைஞ்சு போவாங்க. சொல்லாம விட்டா பொண்ணு காலம்பூரா அந்த ரெண்டாவது அடுப்புல சமைக்கும். எந்தப் பக்கம் இறங்கினாலும் பள்ளம்தான் பாஸ்." அதில் கிண்டல் இல்லை.

மாலை வகுப்புக்குப் போனேன். இன்றைய பாடம், சுழற்றும் மிஷினைத் துடைப்பது. முடிந்ததும் வகுப்பு எடுக்கும் அம்மாவிடம், இறந்தவர் யார் என்று சொல்லாமல், படுத்த வாக்கில் தண்ணீர் கொடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போய் உயிர் போகுமா என்று கேட்டேன். போகலாம், ஆனால் வயதானவர், இதயமும் நின்றிருக்கலாம், அறுத்துப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எனக்கும் உறுதியாகத் தெரியாது. எனக்கு உறுதியாகத் தெரிவது ஒன்றுதான்: ஊசி ஒரு தடவைதான் போடப்பட்டது. மற்றதெல்லாம், அவர் படுத்திருந்த விதமும் அந்த இருமலும் சேர்ந்து சொல்லும் கதை. அந்தக் கதையை என்னால் நம்பாமல் இருக்க முடியவில்லை.

மகள் கேட்ட பொய்யை நான் சொல்லப்போவதில்லை. அது அவர் நினைப்பதுபோல் அம்மாவைக் காப்பாற்றும் என்று எனக்குத் தோன்றவில்லை. கணவரும் போய், மகளும் எதிர் அடுப்பில் நின்றால், அம்மாவுக்குக் கோபத்தைத் தவிர யார் துணை? நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். ஆனால் அம்மா செய்தது ஒன்றுதான். போனில் ஒரு குரல் அவசரம் என்றது. வாழ்நாளெல்லாம் செய்ததுபோல் அன்றும் அந்தக் குரலுக்கு உடனே கீழ்ப்படிந்தார். அந்தக் குரலுக்குத் தப்பான எண்ணைக் கொடுத்தது தகரக் கொட்டகையில் தொங்கிய ஒரு குழாய். சொல்வதென்றால் அந்தக் குழாயிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

மொட்டை மாடி மெத்தையை நாளைக் காலை அம்மா மேலே போவதற்குள் உதறித் துடைத்துவிடுவதாக ஒட்டடையண்ணன் சொல்லியிருக்கிறார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாளை செய்ய வேண்டியது: காலையில் கடை திறக்கும் முன் மகளைக் கையோடு அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும். ஊசி ஒரு தடவைதான் என்பதை முதலில் சொல்ல வேண்டும். பிறகு அம்மா, அப்போ எப்படி என்று கேட்பார். கேட்டால் பதில் சொல்ல வேண்டும், மெதுவாக, அவசரமில்லாமல்.